பாட்டே எழுதியறியாத நான், ஏஐ கருவியை வைத்து அம்மாவுக்கு ஒரு பாட்டு எழுத முடியுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அம்மா அரசுப் பள்ளியில் சத்துணவு சமைப்பவர். இந்த மாதக் கடைசியில் அவருக்குப் பணி நிறைவு. அன்று மாலை பள்ளியில் நடக்கும் விழாவில் போட ஒரு பாட்டு வேண்டும். நீங்கள் இதுவரை ஒரு கவிதைகூட எழுதியதில்லை, சங்கீதமும் தெரியாது. சாட்ஜிபிடியிடம் வரிகள் வாங்கி, வரி கொடுத்தால் மெட்டுப் போட்டுப் பாடித் தரும் சூனோ என்ற ஏஐ கருவியில் போட்டுப் பார்த்தீர்கள். பாட்டு பிரமாதமாக வந்தது. ஆனால் கேட்ட உங்கள் தங்கை, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இது நம்ம அம்மா இல்லையே" என்று சொல்லிவிட்டார். அதனால் எந்தக் கருவி நல்லது, அதற்கு எப்படிப் பிராம்ப்ட், அதாவது எழுத்தில் கட்டளை, கொடுப்பது, எளிமையாக வரி எழுத ஏதாவது வழி இருக்கிறதா என்று முக்கியமாக மூன்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இந்த மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் தெரிகிறது. அது உங்கள் தங்கை கேட்டது. அம்மாவைப் பாட்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது? அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கருவிக்குப் பிறகு வருவோம்.

நான் இருபது வருடங்களுக்கு மேலாகப் பாட்டு எழுதுகிறவன். சினிமா இல்லை. கோயில் திருவிழாவுக்கு வெளியிடும் பக்திப் பாடல்கள், கடை விளம்பரம், பள்ளி ஆண்டுவிழா, கல்யாண வீட்டில் பெண்ணுக்கு நலங்கு வைக்கும்போது பாட நாலு வரி, இப்படி. கடந்த இரண்டு வருடங்களாக இந்த ஏஐ கருவிகளையும் பயன்படுத்துகிறேன், புதிதாக எழுதுகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். ஆகவே எழுதுவதைப் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். கருவியைப் பற்றிச் சொல்வதெல்லாம் என் கைக்கு வந்த அனுபவம். அவை மாதத்துக்கு மாதம் மாறுகின்றன, உங்களுக்கு வேறு மாதிரி நடந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

முதலில் நீங்கள் ஒட்டியிருந்த அந்த வரிகள். "அன்பின் வடிவமே அம்மா, தியாகத்தின் சிகரமே அம்மா, என் வாழ்வின் ஒளிவிளக்கே அம்மா." இதில் பிழை எதுவும் இல்லை. பிரச்சினை என்னவென்றால், இதை எந்த அம்மாவுக்கும் பாடலாம். வங்கி மேலாளராக இருந்த அம்மாவுக்கும் பொருந்தும், வயலில் களை எடுத்த அம்மாவுக்கும் பொருந்தும். அந்த மென்பொருளை நான் குறை சொல்ல மாட்டேன். "அம்மாவைப் பற்றி உருக்கமாக ஒரு பாட்டு" என்று மட்டும் கேட்டால், அம்மாவைப் பற்றி எல்லோரும் எழுதியதன் சராசரிதானே வரும்? உங்கள் அம்மா எங்கே நின்றார், என்ன பேசினார் என்று அதற்கு யார் சொன்னது?

ஆனால் உங்கள் கேள்வியின் நடுவிலேயே, நீங்கள் கவனிக்காமல், பாட்டை எழுதிவிட்டீர்கள். காலையில் பள்ளிக்குப் போனதும் அம்மா ஆசிரியரிடம் "எத்தனை புள்ள வந்திருக்கு?" என்று கேட்டு, அதன்படிதான் அரிசி அளப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் விருந்தாளி வந்தாலும் அதே வார்த்தை வாயில் வந்துவிடும், நாங்கள் சிரிப்போம் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அதுதான் உங்கள் பல்லவி. வேறு எங்கும் தேட வேண்டாம். விழாவில் அந்த வரி ஒலித்ததும் அங்கிருக்கும் ஆசிரியர்கள் எல்லாருக்கும் தெரிந்துவிடும், யாரைப் பற்றிய பாட்டு என்று. அவர்கள் தினமும் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் அல்லவா.

புதிதாக எழுத வருகிற யாருக்கும் நான் கொடுக்கும் முதல் வேலை இதுவே. ஒரு தாளில் அந்த மனிதர் அடிக்கடி சொல்லும் சொற்கள், அவர் கை செய்யும் காரியங்கள், அவரைச் சுற்றியிருக்கும் பொருள்கள், இப்படி இருபது எழுதுங்கள். உவமை வேண்டாம், உணர்ச்சிச் சொல் வேண்டாம். தியாகம், பாசம், தெய்வம் மூன்றையும் அந்தத் தாளில் எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்வேன். கரண்டி, அண்டா, முட்டை எண்ணும் விதம், தட்டுகள் அடுக்கும் சத்தம், சேலை முந்தானையில் கை துடைப்பது, இவை எழுதலாம். இருபது வரவில்லை என்றால் தங்கையை உட்காரவைத்துக் கேளுங்கள். இந்த இடத்தில் சாட்ஜிபிடி மாதிரியான கருவி உண்மையாகவே உதவும். "என் அம்மாவைப் பற்றிப் பாட்டு எழுதப்போகிறேன், நீ எழுதாதே, என்னிடம் ஒவ்வொன்றாகப் பதினைந்து கேள்வி கேள்" என்று சொல்லிப் பாருங்கள். நாம் மறந்துபோனதையெல்லாம் கிளறி எடுத்துவிடும். அது கேட்கட்டும், பதில் உங்களுடையதாக இருக்கட்டும்.

சரி, ஒரு வரி கிடைத்தாயிற்று. அதை எப்படிப் பாட்டாக்குவது? மேசையில் தாளம் தட்டிக்கொண்டு அந்த வரியை வாய்விட்டுச் சொல்லுங்கள். ராகம் வேண்டாம். எத்தனை, புள்ள, வந்திருக்கு. சொற்களை எடுத்துவிட்டு ஓசையை மட்டும் வைத்தால் "தத்தன தன்ன தந்தனத்த" என்று வரும். திருப்புகழ் புத்தகத்தைப் புரட்டியிருந்தால் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இந்த மாதிரி "தத்தன தனதன" என்று சந்தம் அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மெட்டுப் போட்டுவிட்டு வரி கேட்கிற இசையமைப்பாளர்களும் இப்படித்தான் தத்தகாரத்தில் பாடிக் கொடுப்பார்கள். உங்கள் இரண்டாவது வரியும் ஏறக்குறைய அதே சந்தத்தில் உட்கார வேண்டும். அவ்வளவுதான் ஆரம்பத்துக்குத் தேவையான விதி.

ஏறக்குறைய என்றால் எவ்வளவு? இங்கேதான் நம் பழைய யாப்பு கைகொடுக்கிறது. பள்ளியில் நேர், நிரை என்று இரண்டு வகை அசை படித்தது ஞாபகம் இருக்கும். ஒரு குறிலோடு அடுத்த குறிலோ நெடிலோ சேர்ந்து ஒலித்தால் நிரை. தனியாக நிற்கும் குறில், நெடில் ஒவ்வொன்றும் நேர். புள்ளி வைத்த எழுத்துக்குத் தனிக் கணக்கு கிடையாது, முன்னால் இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும். எத்/தனை, புள்/ள, வந்/திருக்/கு. மொத்தம் ஏழு அசை. இப்போது இரண்டாவது வரிக்கு இதைப் பாருங்கள்: "அத்தனை தட்டும் நெறஞ்சிருக்கு." அத்/தனை, தட்/டும், நெறஞ்/சிருக்/கு. இதுவும் ஏழு. எழுத்தை எண்ணினால் "வந்திருக்கு"வைவிட "நெறஞ்சிருக்கு" நீளம். அசையை எண்ணினால் இரண்டும் மூன்றுதான். பாடிப் பார்த்தால் காது அசைக் கணக்கைத்தான் ஒத்துக்கொள்கிறது. எழுத்தை எண்ணி வரி வெட்டுகிறவர்கள் தடுமாறுவது இதனால்தான். வெண்பாவுக்கு வேண்டிய தளைக் கணக்கெல்லாம் இங்கே வேண்டாம். வரிக்கு வரி அசை ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பாடகர் இழுத்தோ விழுங்கியோ சமாளிப்பார். மூன்று நான்கு கூடினால்தான் வரி பிதுங்கும்.

அந்த இரண்டு வரியிலும் இன்னொன்றைக் கவனித்திருப்பீர்கள். எத்தனை, அத்தனை. இரண்டாம் எழுத்து ஒன்றுபோல் வருவது எதுகை. தமிழ்க் காது முதலில் பிடிப்பது வரியின் தலையைத்தான். வால் ஒன்றுபோல் முடிவது இயைபு. அதுவும் வேண்டியதே, ஆனால் தமிழில் அது மிக மலிவாகக் கிடைக்கும். "பார்க்கிறாய், சிரிக்கிறாய், நடக்கிறாய்" என்று வினைச்சொல் எல்லாம் ஒரே மாதிரி முடிவதால், முயற்சியே இல்லாமல் வந்துவிடும். அதனால் கேட்பவருக்கு அதில் சுவை இருக்காது. ஏஐ எழுதும் தமிழ் வரிகளில் நான் அடிக்கடி பார்ப்பது இந்த வால் ஒற்றுமைதான். எதுகை கொடு என்று கேட்டாலும் பல தடவை கடைசி எழுத்து ஒத்த சொற்களைத்தான் அடுக்கித் தருகிறது. இரண்டாம் எழுத்தை நீங்களே சரிபார்க்க வேண்டும். எத்தனைக்கு எதுகை வேண்டுமென்றால் நானே வாயில் முணுமுணுத்துத் தேடுவேன்: பத்து, சத்தம், மொத்தம், முத்து, கொத்து, சொத்து, பத்தரை. இது இரண்டு நிமிட வேலை. அப்படித் தேடும்போதே பாதிப் பாட்டு வந்துவிடும் என்பதால் இந்த வேலையை எந்தக் கருவியிடமும் கொடுக்க எனக்கு மனமில்லை.

உதாரணத்துக்கு, "பத்தரை" என்ற சொல் வந்ததும் எனக்குச் சத்துணவுக் கூடத்தின் காலை நேரம் கண்ணில் வந்தது. "பத்தரை மணிக்கு உலைவச்சு." பத்/தரை, மணிக்/கு, உலை/வச்/சு. ஏழு. அடுத்து "சத்தம்" கூப்பிட்டது: "சத்தமில்லாம பசியாத்தி." சத்/தமில், லா/ம, பசி/யாத்/தி. அதுவும் ஏழு. சரணத்தில் இரண்டு வரி ஆயிற்று. உங்கள் அம்மா எத்தனை மணிக்கு உலை வைப்பார் என்று நீங்கள் சொல்லவில்லை, பத்தரை என்பது என் ஊகம். அவர் பத்துக்கே வைப்பவர் என்றால் "பத்து மணிக்கே உலைவச்சு" என்று மாற்றுங்கள், அசை அப்படியே நிற்கும். நேரம் தப்பாக இருந்தால் பக்கத்தில் வேலை செய்த ஆயாம்மாவுக்குத் தெரிந்துவிடும், பாட்டில் பொய் கலந்துவிட்டது என்று. இப்படிப்பட்ட சின்ன விவரம்தான் பாட்டைத் தாங்குகிறது. மூன்றாவது, நான்காவது வரிகளை நான் எழுதப்போவதில்லை. ஆரம்ப வருடங்களில் விறகடுப்பு, புகையில் கண் எரியும் என்று சொல்லியிருந்தீர்கள். எல்லாருக்கும் போட்டு முடித்து அவர் சாப்பிட உட்காரும்போது மணி மூன்றாகிவிடும் என்றும் சொல்லியிருந்தீர்கள். அந்த இரண்டும் போதும். அழுகை வரவைக்கும் சொல் எதையும் அதில் சேர்க்காதீர்கள். மணி மூன்று என்று சொன்னாலே போதும்.

பேச்சுத் தமிழா எழுத்துத் தமிழா என்று நிறையப் பேர் குழம்புவார்கள். இரண்டிலும் நல்ல பாட்டு உண்டு. கலக்கும்போதுதான் கெடும். "எத்தனை புள்ள வந்திருக்கு" என்று தொடங்கிவிட்டு, சரணத்தில் "நீ புரிந்த அரும்பணியை" என்று போனால், கல்யாணப் பத்திரிகையை நடுவில் கொண்டுவந்து ஒட்டினது மாதிரி இருக்கும். இந்தப் பாட்டுக்கு அம்மா பேசும் தமிழே போதும், கடைசி வரை.

இன்னொரு பாடம், இது எனக்கு ஒரு பாட்டியம்மா கற்றுக்கொடுத்தது. ஒலிநாடா காலத்தில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் அம்மன் பாட்டு ஒன்று பதிவு. ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டிய மெட்டில் இரண்டாம் வரியின் கடைசியில் நீளமாக ஒரு கார்வை, அதாவது குரலை நீட்டிப் பிடிக்கும் இடம், இருந்தது. நான் அங்கே "விளக்கு" என்று எழுதியிருந்தேன். பாட வந்த அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். இரண்டு தரம் பாடிப் பார்த்தார், மூன்றாவது தரம் நிறுத்திவிட்டு, "தம்பி, இந்த எடத்துல வாயத் தொறக்க ஒரு எழுத்து குடுங்க" என்றார். "விளக்கே" என்று மாற்றிக் கொடுத்தேன். அடுத்த டேக்கிலேயே சரியாகிவிட்டது. பாட்டு, விளக்கு, வந்து, போச்சு என்று முடியும் சொற்களில் கடைசி உகரம் பாதிதான் ஒலிக்கும், குற்றியலுகரம் என்று படித்தோமே, அது. அதைப் பிடித்து இழுக்க முடியாது. இழுக்க வேண்டிய இடத்தில் ஆ, ஏ, ஓ மாதிரி வாய் திறக்கிற நெடில் வேண்டும், அல்லது ம், ன், ல், ள் மாதிரி ரீங்கரிக்கிற எழுத்து வேண்டும். க், ட், ப் முடிவில் ஓசை அறுந்துவிடும். மனிதர் பாடினால் இதைச் சொல்லிக் கேட்டு வாங்குவார். ஏஐ குரல் கேட்காது. "வந்திருக்கூ" என்று முழு உகரமாக நீட்டி ஒப்பேற்றிவிடும், கேட்கிறவருக்கு என்னவோ வேற்று மொழிக்காரர் பாடுவது போல் இருக்கும்.

நம் பல்லவியும் "க்கு"வில்தானே முடிகிறது என்று கேட்பீர்கள். ஆமாம். அதனால் இந்தப் பாட்டுக்கு மெதுவான, உருக்கமான மெட்டு வேண்டாம். கும்மி மாதிரி சுறுசுறுப்பாக, வரி முடிந்ததும் வெட்டென்று நிற்கிற மெட்டு கேளுங்கள். சமையல்கூடத்தின் வேகமும் அதுதான். மெதுவாகத்தான் வேண்டும் என்று தோன்றினால் வரிக் கடைசியில் "அம்மா" சேர்த்து, நீட்டலை அங்கே வைத்துவிடுங்கள்.

இனி கருவி. சூனோ, யூடியோ இரண்டும்தான் பலரும் பயன்படுத்துபவை. ஏற்கெனவே சூனோவில் கை பழகியிருப்பதால் அதிலேயே இருங்கள். அதில் நீங்களே வரிகளை ஒட்டும் தனிப்பெட்டி உண்டு, பாட்டின் தன்மையைச் சொல்லும் பெட்டி தனியாக உண்டு. புதியவர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒரே இடத்தில் சொல்லிவிட்டு வரிகளையும் அதையே எழுதவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். வரிப்பெட்டியில் பல்லவிக்கு மேல் சதுர அடைப்புக்குள் கோரஸ் என்றும், சரணத்துக்கு மேல் வெர்ஸ் என்றும் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். அதற்குப் புரிகிற சொற்கள் அவை. அடைப்புக்குள் இருப்பதைப் பொதுவாகப் பாடாது, எப்போதாவது பாடியும் விடும். நம் பாட்டு பல்லவியில் தொடங்கும் என்பதால் கோரஸை முதலிலேயே போடுங்கள், ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் பல்லவியை முழுசாக மறுபடி ஒட்டுங்கள். இரண்டு சரணத்துக்கும் வரி எண்ணிக்கையும் அசைக் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் சரணம் நாலு வரி, இரண்டாவது ஆறு வரி என்றால், எனக்கு நேர்ந்தவரை, இரண்டாவதற்கு வேறு மெட்டைப் போட்டுவிடும், இல்லையென்றால் வரிகளை அள்ளித் திணித்து ஓடும். உங்களுக்குப் பல்லவி இரண்டு வரி, நான்கு வரியில் இரண்டு சரணம் போதும். விழாவில் யாரும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேட்க மாட்டார்கள்.

தன்மைப் பெட்டியில் கொஞ்சமாகச் சொல்லுங்கள். பெண் குரல், நடுத்தர வயது, துள்ளலான நாட்டுப்புறத் தாளம், புல்லாங்குழல், தபேலா, பின்னணியில் குழந்தைகள் குரல். இந்த அளவு. பத்து வாத்தியம் சொன்னால் எதுவும் தெளிவாக வராது. தவில், பறை, உறுமி என்று கேட்டு எனக்கு நம்பிக்கையான பலன் கிடைத்ததில்லை, வேறு ஏதோ முழக்கம்தான் வந்தது. உங்களுக்கு வந்தால் நல்லது. பாடகர் பெயரையோ இசையமைப்பாளர் பெயரையோ போடாதீர்கள். கருவி ஏற்காது என்பது ஒரு பக்கம். ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த குரலைக் கேட்காமல் எடுப்பது சரியில்லை என்பது எனக்கு அதைவிட முக்கியம்.

உச்சரிப்புதான் பெரிய தலைவலி. தமிழில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் இடத்தைப் பொறுத்து ஓசை மாறும். நாம் யோசிக்காமல் மாற்றிக்கொள்வோம், இயந்திரம் திணறும். "பசி" என்பதை "பச்சி" மாதிரி பாடியது எனக்கு. "பஸி" என்று எழுதிப் போட்டேன், சரியாகிவிட்டது. எழுத்துப்பிழையாக இருந்தாலும் பரவாயில்லை, அந்தப் பெட்டியில் இருப்பது பாடுகிற இயந்திரத்துக்கான குறிப்பு, உங்கள் சரியான பிரதி தனியாக இருக்கட்டும். ழகரம் சில தடவை நன்றாக வரும், சில தடவை லகரமாகும். முடிந்தால் முக்கியமான இடத்தில் ழ வராமல் சொல்லை மாற்றுவது என் வழக்கம். தமிழெழுத்தில் போடுவதா, ஆங்கில எழுத்தில் போடுவதா என்று கேட்டிருந்தீர்கள். தமிழெழுத்தையே முதலில் போடுங்கள். ஆங்கில எழுத்தில் குறில் நெடில் வேறுபாடு தொலைந்துவிடும், கல்லும் காலும் ஒன்றாகிவிடும். ஒரு குறிப்பிட்ட சொல் மட்டும் அடம்பிடித்தால் அந்தச் சொல்லை மட்டும் வேறு மாதிரி எழுதிப் பாருங்கள். "மணிக்கு உலைவச்சு" என்ற இடத்தில் இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டு "மணிக்குலை" ஆகலாம். நடுவில் ஒரு காற்புள்ளி வைத்தால் அங்கே மூச்சு விட்டுப் பாடும். எண்களை எழுத்தில் எழுதுங்கள், இலக்கத்தில் போட்டால் ஆங்கிலத்தில் படித்துவிடும் வாய்ப்பு உண்டு.

ஒரு தடவை அழுத்தினால் இரண்டு வடிவம் வரும். முதல் இரண்டிலேயே திருப்தி அடைந்துவிடாதீர்கள், ஐம்பது எடுத்துக் குழம்பவும் வேண்டாம். நான் எட்டுப் பத்தோடு நிறுத்திவிடுவேன். ஒவ்வொன்றையும் வரியைப் பார்க்காமல் கேளுங்கள். இன்னும் நல்லது, வரியே தெரியாத பக்கத்து வீட்டுக்காரரிடம் போட்டுக்காட்டி, என்ன பாடுகிறது என்று சொல்லச் சொல்லுங்கள். அவருக்குப் புரியாத சொல் விழாவில் யாருக்கும் புரியாது. அந்தச் சொல்லை மாற்றுங்கள். மெட்டு பிடித்து ஒரு வரி மட்டும் உட்காரவில்லை என்றால் எப்போதும் வரியைத்தான் திருத்துவேன். நம் கையில் இருப்பது அதுதான். பிடித்தது கிடைத்ததும் உடனே பாட்டைப் பதிவிறக்கி உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த நிறுவனங்களின் விதிமுறை நாளைக்கே மாறலாம்.

உரிமை பற்றி ஒரு வார்த்தை கேட்டிருந்தீர்கள். நான் வழக்கறிஞன் இல்லை, எழுதுகிறவனாகத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நீங்களே எழுதிய வரிகள் உங்களுடையவை, 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி அது இலக்கியப் படைப்பு. இதில் சந்தேகமில்லை. கருவி போட்ட மெட்டும் குரலும் யாருடையவை என்பதில்தான் சிக்கல். கணினி உருவாக்கும் படைப்புக்கு, அதை உருவாகச் செய்தவரே ஆசிரியர் என்று நம் சட்டத்தில் ஒரு விளக்கம் இருக்கிறது, ஆனால் அது இப்படிப்பட்ட கருவிகள் வருவதற்கு வெகு காலம் முன்பு எழுதப்பட்டது. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில், வெறும் பிராம்ப்ட் கொடுப்பது மட்டும் ஒருவரை ஆசிரியர் ஆக்கிவிடாது என்று சொல்லியிருக்கிறது. தங்கள் பாட்டுகளை அனுமதியின்றி ஏஐயைப் பழக்க எடுத்தார்கள் என்று 2024 ஜூனில் பெரிய இசை நிறுவனங்கள் சூனோ மீதும் யூடியோ மீதும் வழக்குப் போட்டன, அவற்றில் சிலர் பிறகு சமரசம் செய்துகொண்டார்கள். பள்ளி விழாவில் ஒரு தடவை போடுவதற்கு இதெல்லாம் உங்களை உறுத்த வேண்டியதில்லை. யூடியூபில் ஏற்றிக் காசு பார்க்க நினைத்தால் மட்டும், இலவசக் கணக்கில் செய்த பாட்டை வணிகத்துக்குப் பயன்படுத்த சூனோ அனுமதிப்பதில்லை என்பதை மனதில் வையுங்கள், அன்றைய விதிமுறையைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. பாட்டின் முடிவில் பல்லவியை இன்னொரு தரம் போட்டு முடிக்கலாம், எல்லாரும் செய்வது அதுதான். உங்களுக்கு வேறு ஒரு வாய்ப்பு இருக்கிறது. பாட்டு முழுக்க அம்மா ஒரு கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறார். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. கடைசி நாள் காலையிலும் அவர் அதே கேள்வியைக் கேட்டு அரிசி அளக்கத்தான் போகிறார். அன்று பதில் சொல்லும் ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசி வைத்து, அந்த எண்ணிக்கையை உடனே உங்களுக்குப் போனில் சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பதில்தான் பாட்டின் கடைசி வரி. விழா மாலையில்தானே. மற்ற வரிகளையெல்லாம் முன்பே முடித்து, மெட்டையும் தேர்ந்து வைத்திருந்தால், கடைசி ஒரு வரியை மட்டும் மாற்றி மறுபடி எடுக்க மத்தியான நேரம் தாராளம். பாட்டின் ஒரு பகுதியை மட்டும் மாற்றும் வசதி சூனோவின் கட்டணக் கணக்கில் இருக்கிறது, ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டினால் போதும். இரண்டு நாள் முன்பே ஏதாவது ஒரு எண்ணை வைத்து ஒத்திகை பார்த்துவிடுங்கள். அது சரிப்படவில்லை என்றால், பாட்டை அந்த வரிக்கு முன்னால் நிறுத்திவிட்டு, ஒரு பிள்ளையை மேடையில் ஏற்றி அந்த வரியைச் சொல்லவைக்கலாம், எனக்கு அது இன்னும் பிடிக்கும். நூற்று நான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம். "நூத்தி நாலு வந்திருக்கு." நூத்/தி, நா/லு, வந்/திருக்/கு. புள்ள என்ற சொல்லை விட்டுவிட்டால் சரியாக ஏழு அசை.